ஊர் போட்ட தடைக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா?

கடலூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து கூடிப் பேசி, ஒரு வலையைத் தடை செய்தோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். பக்கத்து ஊர்ப் படகு வந்து அதே வலையை எங்கள் கண்ணெதிரே போடுகிறது. கேட்டால், உங்கள் ஊர் முடிவுக்கு என்ன சட்ட மதிப்பு என்கிறார்கள். மீனவர் சமூகமே கடலை நிர்வகிக்கலாம் என்று எல்லோரும் பேசுகிறார்களே, அதில் சட்டத்துக்கு உண்மையில் என்ன இடம்?"

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஊர் முடிவு உங்கள் ஊராரைக் கட்டும். அதுவும் அவர்கள் ஒப்புக்கொண்டு நிற்கும் வரைதான். வெளியூர்க்காரரை அது சட்டப்படி கட்டாது. அதற்காக உங்கள் தடை வீண் என்று நினைத்துவிட வேண்டாம். அரசின் சட்டம் வந்து சேர வேண்டிய இடம் நீங்கள் இப்போது மாட்டிக்கொண்டு நிற்கும் இந்த இடம்தான். அது வந்து சேர்ந்த ஊர்களும் உண்டு, சேராமல் போன ஊர்களும் உண்டு.

பழவேற்காட்டிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவாகக் கிடக்கும் பெரிய உப்பங்கழி அது. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் இறால் நன்றாகப் படும். நல்ல இடம் கொஞ்சம்தான், வலை நிறைய. எல்லோரும் ஒரே நாளில் அங்கே போனால் வலைமேல் வலை விழும், பிறகு கைகலப்புதான். இதற்குக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தலைமுறைகளுக்கு முன்பே ஒரு வழி கண்டன. அந்த இடங்களைப் 'பாடு' என்று பிரித்து, சீட்டுக் குலுக்கி, இன்று இந்தக் குழு, நாளை அந்தக் குழு என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஊருக்குத் தலைக்கட்டு வரி கட்டும் ஆணுக்கு முறையில் பங்கு. நல்ல பாடு ஒருவருக்கே நிரந்தரமாகப் போகாது. எத்தனை வலை இறங்கலாம் என்பதற்கும் இந்த முறையே ஒரு வரம்பு. இதை அரசாங்கத்தில் யாரும் உட்கார்ந்து வகுத்துக் கொடுக்கவில்லை. தண்ணீரில் நின்றவர்கள் தண்ணீரைப் பார்த்துச் செய்த ஏற்பாடு.

இப்போது இலங்கையில் நீர்கொழும்புக் களப்புக்கு வாருங்கள். உப்பங்கழியை அங்கே களப்பு என்பார்கள். அங்கேயும் அதே பாடு, அதே சொல். வற்று நீர் கடலுக்கு இறங்கும் இரவு நேரத்தில், கால்வாயின் குறுக்கே கழிகளில் கட்டிய வலையை விரித்து, கடலுக்குத் திரும்பும் இறாலைப் பிடிப்பார்கள். கட்டுதெல் என்று பெயர். நான்கு மீனவர் சங்கங்கள் தங்களுக்குள் நாள் முறை வைத்திருக்கின்றன. சங்கத்துக்குள் யாருக்கு எந்தப் பாடு என்பதைச் சீட்டு முடிவு செய்கிறது. இந்த அளவில் இரண்டு இடமும் ஒன்றுதான். வேறுபாடு எங்கே என்றால், இலங்கை அரசு 1940ஆம் ஆண்டின் மீன்பிடிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1958இல் நீர்கொழும்புக் கட்டுதெல்லுக்கென்றே ஒழுங்குவிதிகளைப் போட்டது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சங்கங்கள் ஏற்கெனவே செய்து வந்ததை எழுதி, அதன்மேல் அரசு முத்திரையைக் குத்தியது, அவ்வளவுதான்.

அந்த முத்திரை என்ன செய்கிறது? நீர்கொழும்பில் சங்கத்தில் இல்லாத ஒருவர் அந்தப் பாட்டில் கழி நட்டால், நாட்டின் சட்டத்தை மீறியவர் ஆகிறார். சங்கம் அதிகாரியிடமும் நீதிமன்றத்திடமும் போகலாம். பழவேற்காட்டில் அதே காரியம் நடந்தால், வருவாய்த் துறையும் போலீஸும் அமைதிக் கூட்டம் போடும். அந்தக் கூட்டத்தின் கவலை அடிதடி வரக் கூடாது என்பது. யாருக்கு உரிமை என்பது அதன் கவலை இல்லை. அரசுப் பதிவேட்டின் கண்ணுக்கு ஏரி அரசாங்கத்தின் தண்ணீர், பாடு என்று ஒன்று அதில் கிடையாது. உங்கள் ஊர்த் தடைக்கும் இன்று இதே நிலைதான்.

ஆனால் இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் உங்களுக்கு நேர்மையாக இருக்க மாட்டேன். பழவேற்காட்டில் பாட்டு முறைக்கு வெளியே நிற்பவர்கள் யார்? பட்டினவர் என்ற மீனவச் சாதியைச் சேராத, பின்னால் மீன்பிடிக்கு வந்த தலித் குடும்பங்கள். சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள். பெண்கள். நீர்கொழும்பிலும் சங்க உறுப்பினராக ஆணாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட ஊரும் சமயமும் வேண்டும். ஆக, ஊர் வழக்கத்தை அப்படியே தூக்கிச் சட்டமாக்கினால், அந்த வழக்கத்தில் உள்ள அநீதியும் சேர்ந்து சட்டமாகிவிடும். இந்த முடிச்சுக்குப் பிறகு வருகிறேன்.

நம் பக்கத்துச் சட்டம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி என்ற வலையைப் போடும் விசைப்படகுகள் பெருகின. அவை ஆழத்தில் மட்டும் ஓடவில்லை. இறால் இருப்பது கரையோரத்தில், அதனால் கட்டுமரக்காரர் வலை விரித்த இடத்திலேயே அவையும் ஓடின. வலைகள் அறுந்தன, மோதலில் உயிர்கள் போயின. 1970களின் பிற்பாதியில் சென்னைக் கரையிலிருந்து கோவா வரை இதே கதை. ஒன்றிய அரசு ஒரு குழு அமைத்து, மாநிலங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பியது. நம் அரசியலமைப்பில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 12 கடல் மைல் வரையான ஆட்சிக் கடற்பரப்புக்கு மாநிலம் சட்டம் போடலாம், அதற்கு அப்பால் ஒன்றியத்தின் பொறுப்பு. கேரளமும் கோவாவும் 1980இல் சட்டம் போட்டன. தமிழ்நாடு 1983இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கரையிலிருந்து முதல் 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. இப்போது அது 5 கடல் மைல்.

அந்த ஒதுக்கீட்டை நான் மதிக்கிறேன். ஒரு குப்பம் தனியாக நின்று எத்தனை ஆண்டு போராடியும் பெற முடியாத வேலி அது. பெரிய குதிரைத்திறன் இயந்திரத்தை ஊர்க் கட்டுப்பாட்டால் தடுக்க முடியாது. அந்தப் படகின் சொந்தக்காரர் உங்கள் ஊரில் பெண் எடுத்தவரும் இல்லை, உங்கள் கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பவரும் இல்லை. ஊர் விதிக்குப் பலம் கொடுப்பது உறவும் வெட்கமும்தான். அவை எட்டாத இடத்தில் சட்டம்தான் எட்ட வேண்டும்.

ஆனால் சட்டத்தை எடுத்துப் படித்தால் ஒன்று தெரியும். அது படகைப் பார்க்கிறது, வலையைப் பார்க்கிறது, தூரத்தைப் பார்க்கிறது. பாரம்பரிய மீனவர் நலனைக் கருத வேண்டும் என்றும் அரசைக் கேட்டுக்கொள்கிறது. ஊர் என்ற அமைப்பை, முடிவெடுக்கும் இடமாக, அது பார்க்கவே இல்லை. 1,076 கிலோமீட்டர் கரையில் 5 கடல் மைல் கோட்டை ஒரு துறை தன் ரோந்துப் படகுகளை வைத்துக் காத்துவிட முடியாது. தினமும் அந்தத் தண்ணீரிலேயே நிற்கிறவர்கள் மீனவர்கள்தான். அவர்களுக்கோ புகார் கொடுப்பதைத் தவிரச் சட்டத்தில் வேறு வேலை தரப்படவில்லை.

ஒரு விதி எப்போது நிற்கும் என்பதற்கு மீன்பிடித் தடைக்காலம் நல்ல உதாரணம். 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாள் ஆனது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் இருப்புக்கு அது எவ்வளவு நல்லது செய்கிறது என்று வாதிடலாம், ஆனால் விசைப்படகுகள் அதைப் பெரும்பாலும் கடைப்பிடிக்கின்றன. காரணம் எளிமையானது. எல்லாப் படகும் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறதா என்று கரையில் நிற்கும் யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். அரசு நிவாரணமும் கொடுக்கிறது. நடுக்கடலில் 4.8 மைலா 5.2 மைலா என்பதை யார் அளப்பது? ஊர்கள் போட்ட விதிகளைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் கரையிலிருந்து பார்த்தாலே தெரியும் விதிகளாகத்தான் இருக்கும். இந்த வலை வேண்டாம், இந்தக் கண்ணி அளவு வேண்டாம், இந்த நாளில் இறங்காதே. சட்டம் எழுதுகிறவர்கள் இந்த அறிவை ஊரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பாக் நீரிணைப் பக்கம் வேறு மாதிரி நடந்தது. இராமேஸ்வரத்தில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் மோதி மோதி, கடைசியில் வாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டன: மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. பேசி எட்டிய இந்த உடன்பாட்டை அரசு ஏற்று அமல்படுத்தியது. மீறல்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் இன்று எந்தப் படகின் நாள் என்று சொல்வார்கள். விதி அந்த அளவுக்கு வாழ்க்கைக்குள் இறங்கிவிட்டது.

அதே கடலில் நேர் எதிரான கதையும் உண்டு. போர் முடிந்து வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் மறுபடி கடலுக்கு வந்தபோது, நம் இழுவைப்படகுகள் அவர்கள் வலைகளை வாரிக்கொண்டு போயின. 2010இல் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகளும் சென்னையில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இழுவைமடியை ஓராண்டுக்குள் நிறுத்துவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும் போவது. மீனவர்களே மீனவர்களோடு பேசி எட்டிய முடிவு அது. இரண்டு அரசுகளும் அதற்குச் சட்ட வடிவம் கொடுக்கவில்லை. அது காகிதத்திலேயே கரைந்தது. இலங்கை 2017இல் தன் சட்டத்தைத் திருத்தி இழுவைமடியை முழுக்கத் தடை செய்தது. அதன் பிறகு கைதும் அபராதமும் படகுப் பறிமுதலும்தான் மிச்சம். அந்த 2010 உடன்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அங்கே சமூகம் தன் பங்கைச் செய்து முடித்திருந்தது.

ஊரே இரண்டாகப் பிரிந்துவிட்டால்? சுருக்குமடி விஷயத்தில் அதுதான் நடந்தது. சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கரைகளில் சில ஊர்கள் பெரிய முதலீடு போட்டுச் சுருக்குமடி வாங்கின. பல ஊர்கள் அதை எதிர்த்தன. மத்திக் கூட்டத்தை ஒரே வீச்சில் சுற்றி வளைக்கும் அந்த வலைக்குப் பக்கத்தில் சின்ன வலைக்காரன் என்ன பிடிப்பான்? தலைமைக் கிராமங்கள் கூடிப் பேசும் பழைய முறை இங்கே தோற்றது. ஏனென்றால் இரண்டு பக்கமும் ஊர்கள், இரண்டு பக்கமும் நாட்டார்கள் என்னும் ஊர்த் தலைவர்கள். மாநில அரசு 2000லேயே இந்த வலையைத் தடை செய்திருந்தது, 2022 பிப்ரவரியில் மறுபடி ஆணை போட்டது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால ஆணையாக, 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும் பகலில் போகலாம் என்று நிபந்தனையோடு அனுமதித்தது. ஊருக்கும் ஊருக்கும் வழக்கென்றால், இருவருக்கும் மேலே உட்கார ஒரு இடம் வேண்டும். அது சட்டம்தான். இதற்கு முன் 1993இல் கேரள வழக்கொன்றில், ஆட்சிக் கடற்பரப்பில் சுருக்குமடி, வளையமடி போன்றவற்றுக்கு மாநில அரசு போட்ட தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பாரம்பரிய மீனவரின் பிழைப்பைக் காப்பது அதில் பெரிய நியாயமாக நின்றது. இந்தத் தீர்ப்பை உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, முன்பு விட்ட முடிச்சுக்கு வருகிறேன். ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் உள்ள பெரிய ஆயுதம் ஊர்விலக்கு. அபராதம் கட்டாதவனோடு யாரும் பேசக் கூடாது, அவன் மீனை யாரும் ஏலம் எடுக்கக் கூடாது, அவன் வீட்டுச் சாவுக்குக்கூட யாரும் போகக் கூடாது. ஒரு வலைத் தடையை நிறுத்தி வைக்க இது பயன்படும்போது நமக்கு நியாயமாகத் தெரியலாம். அதே ஆயுதம் சாதி மாறிக் கல்யாணம் செய்தவள்மேலும் பாய்கிறது, கணக்குக் கேட்டவன்மேலும் பாய்கிறது. 2011இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றில், கட்டப் பஞ்சாயத்துகள் முழுக்கச் சட்டவிரோதமானவை என்று கடுமையாகச் சொன்னது. சுனாமி நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் போன இடங்களில், ஆண் துணை இல்லாத பெண்களும் தலித் குடும்பங்களும் பட்டியலில் விடுபட்டது பலரும் பதிவு செய்த செய்தி. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவதில்லை. மீன் விற்பதும் கருவாடு போடுவதும் கடன் வாங்கி வலைக்குக் கொடுப்பதும் பெண்கள்தான், விதி போடும் இடத்தில் மட்டும் அவர்கள் இல்லை. சமூக மேலாண்மை என்ற சொல்லைக் கேட்டு மயங்குகிறவர்களிடம் நான் எப்போதும் கேட்பது, அந்தச் சமூகத்தில் யார் யார் எண்ணப்படுகிறார்கள் என்பதைத்தான். உரிமையைக் கொடுக்கும் சட்டமே, உறுப்பினராக யார் வரலாம், முடிவை யார் கேள்வி கேட்கலாம், மேல்முறையீடு எங்கே என்பதையும் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறதா என்றால், ஜப்பானைச் சொல்லலாம். மெய்ஜி அரசு 1875இல் கரையோரக் கடல் முழுக்க அரசுக்குச் சொந்தம் என்று அறிவித்து, குத்தகைக்கு விடப் போவதாகச் சொன்னது. ஊர்களுக்கு இருந்த பழைய உரிமை ஒரே நாளில் செல்லாமல் போனது. வெளியாட்கள் விண்ணப்பத்தோடு வந்தார்கள், எங்கும் சண்டை. அடுத்த ஆண்டே அரசு பின்வாங்க வேண்டியதாயிற்று. அந்தப் பாடத்தைக் கற்றுத்தான் 1901இல் மீன்பிடிச் சட்டம் ஊர்ச் சங்கங்களுக்கே கரைக்கடல் உரிமையை எழுதிக் கொடுத்தது. போருக்குப் பிறகு 1948, 1949 சட்டங்கள் அதைக் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் வைத்தன. சிப்பியிலும் பாசியிலும் கரையோர மீனிலும் யார், எப்போது, எவ்வளவு என்பதைச் சங்கம் முடிவு செய்யும். அதன் விதிக்குப் பின்னால் அரசு நிற்கும். ஆனால் சட்டம் கொடுத்ததைச் சட்டமே குறைக்கவும் முடியும். 2018இல் செய்த திருத்தம், மீன் வளர்ப்பு உரிமையில் கூட்டுறவுகளுக்கு இருந்த முன்னுரிமையை நீக்கி, நிறுவனங்கள் வர வழி திறந்தது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சிங்கி இறால் பிடிப்பவர்கள் ஒவ்வொரு துறைமுகத்திலும் எழுதப்படாத எல்லை வைத்திருந்தார்கள். எல்லை தாண்டி வந்தவனின் பொறிக் கயிற்றை வெட்டிவிடுவார்கள். 1995இல் அங்கே வந்த சட்டம் கரையை ஏழு மண்டலமாகப் பிரித்து, ஒருவர் எத்தனை பொறி வைக்கலாம் என்பதை மீனவர்களே வாக்களித்து முடிவு செய்ய விட்டது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தால் விதி, அதற்கு அரசின் அமலாக்கம் உண்டு. நமக்குப் பக்கத்தில் கேரளம், 2017இல் செய்த திருத்தத்தில், ஊர் மட்டத்திலிருந்து மாநிலம் வரை மீன்வள மேலாண்மைக் குழுக்களைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. குழு பெயரளவில் நிற்கிறதா, உண்மையில் முடிவெடுக்கிறதா என்பது இடத்துக்கு இடம் மாறலாம். எழுத்தில் ஓர் இடம் கிடைத்ததே பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இராமநாதபுரம் கரையில் அவர்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். 1986இல் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. பின்னாளில் தடை கடுமையானபோது, அவர்கள் எடுத்து வந்த அதே பாசிக்கு அவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். கத்திக் கூச்சல் போடுவதோடு அவர்கள் நிற்கவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது, அப்போது 45 நாளாக இருந்த தடைக்காலம் முழுக்க நிறுத்துவது, பவளத்தைக் கீறும் இரும்புக் கருவியைத் தொடாமல் கையால் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். வனத்தில் வாழ்பவர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. கிராம சபை கூடித் தன் வனத்தைக் காக்கவும் பயன்படுத்தவும் உரிமை கேட்கலாம், வன நீர்நிலையின் மீனுக்கும் சேர்த்து. கடலில் வாழ்பவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை. இந்தக் குறை எனக்குப் பொறுக்க முடியாதது.

இனி உங்கள் ஊர்க் காரியம். முதலில் தடையை எழுத்தில் வையுங்கள்: எந்த வலை, எந்த இடம், எந்த மாதம், ஏன். கூட்டத்தில் பெண்களையும், ஊரில் மீன்பிடித்துப் பிழைக்கும் மற்றச் சாதிக்காரரையும் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை, நாளை நீதிமன்றம் முதலில் கேட்கப் போவதும் அதைத்தான். உங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதியில் அதைச் சேர்க்க முடியுமா பாருங்கள். துணைவிதி உறுப்பினரைச் சட்டப்படி கட்டும். அப்புறம், 1983 சட்டப்படி குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட வலையைத் தடை செய்து அறிவிக்கை போட அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. பக்கத்து ஊர்களையும் கூட்டிப் பேசி, முடிந்தால் இரண்டு மூன்று ஊர்களின் கூட்டு மனுவாக மீன்வளத் துறையிடம் கொடுங்கள். தனி ஊரின் மனுவைச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம், பல ஊர்ச் சம்மதத்தை அப்படி ஒதுக்க முடியாது. ஊர்விலக்கை மட்டும் கையில் எடுக்காதீர்கள், படகையும் மறிக்காதீர்கள். அந்தப் படகு வரும் நாளை, நேரத்தை, பதிவெண்ணைக் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். அறிவிக்கை வந்த அன்று அந்த நோட்டுதான் உங்கள் முதல் புகார்.